இசையும் மருந்தும்



தஞ்சை வளநாட்டின் தென்கிழக்கு மூலையிலே, காவிரியின் கடைசி வாய்க்கால்களும் வந்து ஓய்ந்துவிடும் இடத்திலே, உப்பளங்களும் புகையிலைக் கொல்லைகளும் சூழ, கடலை நோக்கி நிற்பது வேதாரண்யம். திருமறைக்காடு என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. என் ஆசிரியப் பணியில் பெரும்பகுதி இவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே கழிந்தது. வகுப்பிலே மாணவர்கள் என்னைக் கேட்ட வினாக்களுள் ஒன்று பணி ஓய்வுக்குப் பின்னும் என்னை விட்டு அகலவில்லை. "ஐயா, பாட்டுப் பாடினால் நோய் தீருமா?" என்பதே அவ்வினா. அதற்கு ஒரு முறை நான் தவறான விடை கூறினேன். அத்தவற்றையும் சொல்லி, சரியான விடை இன்னது என்று வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வேதாரண்யத்துப் பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்பது வியப்பன்று. இசையைப் பற்றிய கதைகள் அவ்வூர்க் கோயிலின் கல்லிலும் கதவிலும் நிறைந்துள்ளன. அங்கே எழுந்தருளியுள்ள அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்பது திருநாமம். அம்மையின் குரலினிமைக்கு முன் வீணையின் ஒலி நில்லாது என்று கருதிக் கலைமகள் தன் வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். அக்கோயிலிலே கலைமகள் கையில் வீணை இல்லை; சுவடியே உள்ளது. கருவியினும் மனிதக் குரலே உயர்ந்தது என்னும் கருத்தை நம் முன்னோர் கல்லிலே செதுக்கி வைத்தனர் எனலாம்.

அதனினும் பெரிது கதவின் கதை. நான்கு வேதங்களும் இறைவனை வழிபட்டுத் திருக்கதவைத் தாளிட்டுச் சென்றன என்றும், அன்று முதல் அக்கதவு திறவாமையால் மக்கள் வேறொரு வாயில் வழியே சென்று வணங்கினர் என்றும் கூறுவர். 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் ஒருங்கே அங்கு வந்தனர். நேர்வாயில் வழியே செல்ல விரும்பி நாவுக்கரசர் பாடினார்; கதவு உடனே திறக்கவில்லை. பதிகம் முழுதும் பாடி உருகிய பின்னரே திறந்தது. பின்னர்ச் சம்பந்தர் கதவு மூடிக்கொள்ளுமாறு பாடினார், முதற்பாட்டிலேயே மூடிக்கொண்டது. தமக்கு மட்டும் கதவு தாழ்த்தது ஏன் என்று நாவுக்கரசர் வருந்தினார் என்று சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணத்தில் பாடியுள்ளார்.

இத்தகைய அற்புதங்களைக் கேட்கும்போது வரலாற்று மாணவன் என்ன செய்ய வேண்டும்? நிகழ்ந்ததா, நிகழவில்லையா என்று வழக்காடுவதால் பயன் சிறிது. அற்புதத்தை அளக்கும் கோல் அவனிடம் இல்லை. ஆனால் அதனைப் போற்றிய மக்களின் உள்ளத்தை அவன் அறிய முடியும். அடைபட்ட ஒன்றைத் திறக்கும் ஆற்றல் பாட்டுக்கு உண்டு என்று இம்மண்ணின் மக்கள் நெடுங்காலமாக நம்பினர். இதுவே நமக்குக் கிடைக்கும் முதற்சான்று.

இனி, இரண்டாவது சான்றும் இவ்வூரிலேயே கிடைக்கின்றது. சம்பந்தர் திருமறைக்காட்டில் தங்கியிருந்தபோது பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு வருமாறு அவரை அழைத்து ஆள் விடுத்தனர். நாவுக்கரசரோ அஞ்சினார். சம்பந்தர் வயதிற் சிறியவர். செல்லும் இடத்தில் பகை மிகுதி. நாளும் கோளும் நன்றாக இல்லை. தந்தையை ஒத்த ஒருவர் பிள்ளையைத் தடுப்பது போலத் தடுத்தார். அதற்கு விடையாகச் சம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். பியந்தைக் காந்தாரம் என்னும் பண்ணில் அமைந்தது அது. கோள்களால் வரும் தீங்கு அடியாரை அணுகாது என்பது அதன் கருத்து. இன்றும் வீட்டில் ஒருவர் நெடும்பயணம் புறப்பட்டாலும், நோயுற்றுப் படுத்தாலும் அப்பதிகத்தை ஓதுவோர் பலர்.

கூர்ந்து நோக்குங்கள். அப்பதிகம் பிறந்தபோது அங்கே நோயாளி எவரும் இல்லை. இருந்தது அச்சம் ஒன்றே. திருமறைக்காட்டிலே பாட்டு முதன்முதல் தீர்த்தது அச்சம் என்னும் பிணியைத்தான்.

மதுரையை அடைந்த பின்னர்தான் உடற்பிணி வருகின்றது. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் கடுஞ்சுரத்தால் வாடினான். சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடி, நீற்றைத் தம் கையால் அவன் மேனியிலே தடவ, வெப்பம் தணிந்தது என்பது வரலாறு. திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் வலிப்பு நோயால் வருந்தியபோதும் அவர் பாடினார். நாவுக்கரசரின் வாழ்வே ஒரு நோயில் திரும்பியது. சூலை என்னும் கொடிய வயிற்றுவலியால் துடித்த அவருக்குத் தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்தார். திருவதிகைக் கோயிலிலே அவர் பாடிய முதற்பதிகத்தோடு வலி தீர்ந்தது என்பர். பாண்டியன் கதையிலும் நாவுக்கரசர் கதையிலும் பாட்டு தனியே நிற்கவில்லை. ஒன்றில் நீறு தடவும் கை இருக்கின்றது. மற்றொன்றில் ஆறுதல் கூறும் தமக்கை இருக்கின்றார். பாட்டோடு பரிவும் சேர்ந்தே வருகின்றது.

இவ்வழக்கம் பக்தி காலத்திலே புதிதாகத் தோன்றியதும் அன்று. இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சங்க காலத்திற்குச் செல்வோம். போரிலே புண்பட்டு வீட்டிற்கு வந்த வீரனை மனைவியும் தோழியரும் எவ்வாறு காத்தனர் என்பதைப் புறநானூற்றின் 281-ஆம் பாட்டிலே அரிசில்கிழார் காட்டுகின்றார். வீட்டிலே இரவ மரத்தின் தழையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழும் பிற கருவிகளும் முழங்குகின்றன. மை பூசப்படுகின்றது. வெண்சிறு கடுகைத் தூவுகின்றனர், ஆம்பற்குழல் ஊதுகின்றனர், மணி அடிக்கின்றனர், காஞ்சிப் பண் பாடுகின்றனர், வீடெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். புண்பட்டவனைப் பேய் தீண்டாமல் மனைவி காக்கும் இச்செயலுக்குத் தொடாக்காஞ்சி என்று தொல்காப்பியம் பெயரிட்டது.

மாணவர்களே, இப்பாட்டை நான் வகுப்பிலே பன்முறை நடத்தியுள்ளேன். ஆயினும் அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது முதுமையிலேதான். பேய் என்னும் நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பாருங்கள். வேம்பும் புகையும் உள்ள வீட்டில் ஈயும் பூச்சியும் புண்ணை அணுகுவது அரிது. யாழும் குழலும் பாட்டும் ஒலிக்கும் வீட்டில் நோயாளி தனித்து அஞ்சிக் கிடப்பதில்லை, காவலிருப்போரும் உறங்கிவிடுவதில்லை. உடலுக்கு ஒன்று, உள்ளத்திற்கு ஒன்று என இரண்டையும் ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ் வைத்தனர். வேம்பை எடுத்துவிட்டு யாழை மட்டும் மீட்டவில்லை. யாழை எடுத்துவிட்டு வேம்பை மட்டும் செருகவும் இல்லை.

சோழர் காலத்திலும் இதே முறைமையைக் காண்கின்றோம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பாடகரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பான் ஒருவனையும் கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமர்த்தினான். அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்தான். அக்கோயிலின் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. அவன் வழிவந்த வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ளது. அங்கே கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்பவர் ஒருவரும், மூலிகை கொணர்வோரும், நோயாளரைப் பேணும் பெண்களும் அங்கே இருந்தனர். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. பாடுவோர்க்கு நெல் அளந்த அதே அரச மரபு, மருத்துவர்க்கும் நெல் அளந்தது. பாட்டு இருக்கின்றது என்பதற்காக மருந்துக்குச் செலவிடாமல் இருந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மாணவர் விடுதியின் அருகில் மருத்துவச்சாலையும் வைத்த நாடு நம் நாடு என்பதைப் பெருமையோடு எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். இசையும் மருத்துவமும் ஒருங்கே வளர்ந்த ஊர் தஞ்சை. 1798 முதல் 1832 வரை அங்கே அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். கண்ணோய் உற்றவர்களின் கண்களை வண்ணப் படமாக வரைந்து, நோயின் குறிப்பையும் உடன் எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூல்நிலையத்திலே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவருடைய அவையிலேயே தஞ்சை நால்வர் என்னும் இசை, நாட்டிய வல்லுநர்களும் விளங்கினர்.

அக்காலத்திலேயே திருவாரூரிலே தோன்றிய முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகின்றது. அவருடைய மாணாக்கர் தம்பியப்பன் என்பவர் தீராத வயிற்றுவலியால் வருந்தினார். கோளின் குற்றமே காரணம் என்று கருதிய தீட்சிதர், கோள்களின் மேல் கீர்த்தனை இயற்றி அவரைப் பாடச் செய்தார், வலி நீங்கிற்று. இது செவிவழிச் செய்தியே. ஆயினும் திருவதிகையில் நாவுக்கரசரை வருத்தியதும் வயிற்றுவலி. திருமறைக்காட்டில் சம்பந்தர் பாடியதும் கோளைப் பற்றி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே நம்பிக்கை அறுபடாமல் வந்துள்ளது. கவலை மிகுந்தால் வயிறு நோகும் என்பதைத் தேர்வு நாளன்று காலையில் நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். மனத்திற்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை நம் பாட்டிமார் நன்கு அறிவர்.

தஞ்சையிலேயே வாழ்ந்த மற்றொரு பெரியாரையும் இங்கு நினைத்தல் வேண்டும். அவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தொழிலால் அவர் சித்த மருத்துவர். கருணாநிதி வைத்தியசாலை என்னும் மருந்தகத்தை நடத்தினார்; மூலிகைகளைத் தம் தோட்டத்திலேயே பயிரிட்டார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளைத் தமிழிசை ஆராய்ச்சிக்கு வாரி வழங்கினார். 1912-ஆம் ஆண்டிலே தஞ்சையில் இசை மாநாடு கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். மருந்தும் இசையும் ஒரே மனிதரின் இரு கைகளாக விளங்கின.

நோய் தனிமனிதனுக்கு மட்டும் வருவதன்று, நாட்டிற்கும் வரும். அச்சம் என்பது அடிமை நாட்டின் பெருநோய். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராசாசி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்தை நோக்கி நடந்தார். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரிக்கை விடுத்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்திற்கென்றே பாட்டு இயற்றித் தந்தார். அதைப் பாடிக்கொண்டே தொண்டர்கள் ஊர் ஊராக நடந்தனர். தடையை மீறி மக்கள் சோறிட்டனர். ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்து, 30-ஆம் நாள் உப்பெடுத்தனர். பாட்டு உப்பை எடுக்கவில்லை. எடுத்தவை தொண்டர்களின் கைகளே. ஆயினும் அக்கைகளின் நடுக்கத்தைப் போக்கியதில் பாட்டுக்கும் பங்குண்டு. கோளறு பதிகம் பிறந்த ஊரிலேயே இதுவும் நிகழ்ந்தது பொருத்தமன்றோ?

இக்கால அறிவியல் என்ன கூறுகின்றது? அமெரிக்க நாட்டிலே இரண்டாம் உலகப் போரில் புண்பட்ட வீரர்கள் தங்கிய மருத்துவமனைகளில் இசைவாணர்கள் வந்து பாடினர். நோயாளர்களிடம் கண்ட மாறுதல் மருத்துவர்களைச் சிந்திக்கச் செய்தது. 1944-ஆம் ஆண்டு மிச்சிகனில் இதற்கென ஒரு பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1950-இல் இசை மருத்துவத்திற்கென ஒரு தேசியச் சங்கமும் தோன்றிற்று. நம் நாட்டிலே வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) இத்துறையில் ஆர்வம் கொண்டு ஆராய்ந்தார்.

இந்த ஆராய்ச்சிகளால் தெளிவாகியவை சில. அறுவை மருத்துவத்திற்கு முன் நோயாளர் கொள்ளும் கலக்கத்தை இசை தணிக்கின்றது. மனச்சோர்வுக்குரிய வழக்கமான மருத்துவத்தோடு இசையும் சேருங்கால் பயன் கூடுகின்றது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர், பேச இயலாத சொல்லைப் பாடிவிடுகின்றனர். பேச்சை நடத்தும் பகுதி பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது. பாட்டுக்கோ இரு பக்கங்களும் துணை செய்கின்றன. இதனைப் பயன்படுத்திப் பாடிப் பாடிப் பேச்சை மீட்கும் பயிற்சி ஒன்றைப் பாசுடன் நகர மருத்துவர்கள் 1973-இல் வகுத்தனர். பார்க்கின்சன் நோயால் கால் தடுமாறுவோர், சீரான தாளத்தைக் கேட்டு நடக்கும்போது அடி தவறாமல் நடக்கின்றனர்.

இதற்குக் காரணம் மறைபொருள் அன்று. பாடுகின்றவன் சிறிது மூச்சை இழுத்து, நெடுநேரம் மெல்ல விடுகின்றான். மூச்சை இவ்வாறு நீட்டி விடும்போது இதயத்தின் துடிப்பு தணிகின்றது. இறுகிய தசை தளர்கின்றது. தாலாட்டிலே குழந்தை உறங்குவதும், ஏற்றப்பாட்டிலே உழவன் களைப்பை மறந்து தாளத்தோடு இறைப்பதும் இவ்வியல்பினாலேதான்.

ஆனால் அறிவியல் ஒப்பாதவையும் உள. இன்ன இராகம் இன்ன நோயை நீக்கும் என்று பட்டியல் அச்சிட்டு விற்கின்றனர். இன்ன எண்ணிக்கை அதிர்வுள்ள ஒலி இன்ன உறுப்பைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்கின்றனர். இவற்றிற்குத் தக்க சான்று இல்லை. கிருமியால் வரும் காய்ச்சலைப் பாட்டு கொல்லாது. உடைந்த எலும்பை வீணை ஒட்டாது. மேலும், ஒலி ஊறும் செய்ய வல்லது. 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியை நாள்தோறும் நெடுநேரம் கேட்டால் செவி பழுதாகும். மருத்துவமனையைச் சூழ 100 மீட்டர் வரை அமைதி காக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு விதி வகுத்துள்ளனர். திருவிழாவிலே ஒலிபெருக்கி கட்டும் இளைஞர்கள் இதனை நினைத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் கற்றதைவிட ஒரு சிறுவனிடம் கற்றது மிகுதி. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கசாப் புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. 1952-ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி என் தந்தையார் கூறக் கேட்டிருந்தேன். அதன் பொருளை அன்றிரவு அறிந்தேன். காற்று ஊளையிடவில்லை, உறுமியது. விடிந்து பார்த்தால் தென்னைகளும் மாமரங்களும் ஒரே திசையிலே தலைசாய்த்துக் கிடந்தன. ஓட்டு வீடுகள் ஓடிழந்து நின்றன. பல நாள் மின்சாரம் இல்லை.

நான் பணி ஓய்வு பெற அப்போது ஓராண்டே இருந்தது. பள்ளி மீண்டும் திறந்தபோது பிள்ளைகள் வந்தனர். ஆனால் பேச்சு வரவில்லை. சிறிது காற்று அடித்துக் கூரைத் தகரம் அதிர்ந்தாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வர். அந்நிலையில் பாடம் நடத்துவது எங்ஙனம்? ஒரு வாரம் பாடப்புத்தகத்தை மூடி வைத்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கொண்டுவருமாறு கூறினேன். ஒருத்தி தன் அம்மாச்சியின் தாலாட்டைக் கொண்டுவந்தாள். ஒருவன் நடவுப் பாட்டுப் பாடினான். மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் வலை இழுக்கும் பாட்டை ஒருமிக்கப் பாடினர். ஒருவன் தேவாரம் பாடினான். ஒருத்தி நாகூர் ஆண்டவர் மேல் ஒரு பாட்டும், மற்றொருத்தி வேளாங்கண்ணி மாதாவின் மேல் ஒரு பாட்டும் பாடினர். நான்காம் நாள் தகரம் அதிர்ந்தது. எவரும் காதைப் பொத்தவில்லை. பாட்டின் குரலைச் சற்று உயர்த்தினர். என் கண்கள் கலங்கின. பாட்டின் ஆற்றலை நேரிற் கண்டேன் என்று இறுமாந்தேன்.

அந்த இறுமாப்பே தவற்றுக்கு வழிகோலியது. ஒரு சிறுவன் மட்டும் தேறவில்லை. சோறு வேண்டாம் என்றான், மாலையானால் உடம்பு சுட்டது, இரவில் பிதற்றினான். அவனுடைய அப்பாயி அவனை என்னிடம் அழைத்துவந்து, "வாத்தியாரய்யா, புள்ள பயந்து கிடக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நானும் அது புயலின் அச்சமே என்று முடிவு கட்டினேன். "கவலைப்படாதீர்கள் ஆத்தா. இரவிலே பக்கத்தில் அமர்ந்து பாடுங்கள், சரியாகிவிடும்" என்றேன். ஆசிரியர் சொல் என்று அம்மூதாட்டி அதனை வேதவாக்காகக் கொண்டார். நாள்தோறும் இரவில் பாடினார். எட்டு நாட்கள் சென்றன.

ஒன்பதாம் நாள் அச்சிறுவன் வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தேன். பாயிலே சுருண்டு கிடந்தான், நா வறண்டிருந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். புயலுக்குப் பின் கெட்டுப்போன தண்ணீரால் வந்த குடற்காய்ச்சல் என்று கண்டனர். டைபாய்டு என்று நாம் வழங்குவது அதுவே. இன்னும் சில நாட்கள் தாழ்த்திருந்தால் உயிருக்கே கேடு நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். யார் தாழ்த்தியது? நான் அன்றோ! அவ்வார்த்தையைக் கேட்டபோது என் கால்கள் தளர்ந்தன. 30 ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்ன நா, ஒரு பிள்ளையின் எட்டு நாட்களை வீணாக்கிவிட்டது.

அப்பாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. மருத்துவரிடம், "ஐயா, நான் இனிப் பாடக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அம்மருத்துவர் இளைஞர், ஆயினும் முதிர்ந்த விடை கூறினார். "தாராளமாகப் பாடுங்கள் பாட்டி. ஊசியைக் கண்டு பிள்ளை அஞ்சுகின்றான். நீங்கள் பாடினால் எங்களுக்கு எளிதாக இருக்கும்" என்றார். அன்று மாலை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அந்த மூதாட்டி அவன் நெற்றியை வருடிக்கொண்டு தாழ்ந்த குரலிலே பாடினார். அடுத்த கட்டிலில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திக் கேட்டனர். அப்போதுதான் அரிசில்கிழாரின் பாட்டு எனக்கு விளங்கிற்று. வேம்பும் இருந்தது, யாழும் இருந்தது. சிறுவன் பிழைத்தான். இன்று வளர்ந்து கல்லூரியிலே படிக்கின்றான்.

மாணவச் செல்வங்களே! "பாட்டுப் பாடினால் நோய் தீருமா?" என்று இனி எவரேனும் கேட்டால், நான் கூறும் விடை இதுதான். அச்சம் தணியும், மூச்சு சீர்ப்படும், தனிமை அகலும், மருந்தை ஏற்கும் மனம் வரும். இவை சிறியவை அல்ல. ஆனால் காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். செல்லும் வழியிலே பாடுங்கள்; திரும்பும் வழியிலும் பாடுங்கள். உங்கள் வீட்டிலே முதியவர் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால், வேளை தவறாமல் மருந்து கொடுத்த பின், கைப்பேசியை வைத்துவிட்டு, அவர் இளமையில் விரும்பிய பாட்டு ஒன்றைக் கேட்டறிந்து அவருக்குப் பாடிக் காட்டுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று நாணவேண்டா. நோயாளியின் செவி சுருதியைவிட அன்பையே முதலில் கேட்கும்.

திருமறைக்காட்டுக் கதவு நாவுக்கரசரின் பாட்டுக்குத் திறந்தது என்பர். கதவு திறந்ததும் அவர் வாயிலிலேயே நின்றுவிடவில்லை, உள்ளே சென்றார். நோயாளியின் உள்ளமும் அத்தகைய ஒரு கதவே. பாட்டு அதைத் திறக்கும். திறந்த கதவின் வழியே மருந்தும் மருத்துவரும் உள்ளே செல்ல வேண்டும். அவர்களுக்கு வழிவிட்டு, நாம் பக்கத்திலே அமர்ந்து பாடிக்கொண்டிருப்போமாக.